ஊரடங்கு நோன்பில் பெண்களின் தொழுகை

2020-இல் ரமலான் நோன்பு தமிழகத்தில் ஏப்ரல் 25 அன்று தொடங்கியபோது, கொரோனா ஊரடங்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் வீட்டிலேயே லுஹர் நான்கு ரக்அத் தொழுதார்கள். பெண்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஜும்ஆ அவர்களுக்குக் கடமையல்ல. வெள்ளியன்றும் அவர்கள் வீட்டில் தொழுவது லுஹர்தான்.

புதிதாக வந்தது வீட்டு ஜமாஅத். மற்ற ஆண்டுகளில் தராவீஹுக்கு ஆண்கள் பள்ளிக்குக் கிளம்பியபின், அடுப்படி வேலையை முடித்துவிட்டுத் தனியே தொழுத பெண்கள் பலர், அந்த ஆண்டு குடும்பத்தோடு சேர்ந்து நின்றார்கள். தந்தையோ மகனோ இமாம். அவருக்குப் பின்னால் ஆண்கள், கடைசி வரிசையில் பெண்கள். கணவனும் மனைவியும் மட்டும் இருந்தாலும் மனைவி பின்னால் நின்றால் ஜமாஅத் கூடிவிடும். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ் வேண்டும் என்பதுமில்லை, தெரிந்த சிறு சூராக்களே போதும்.

ஆண்களே இல்லாத வீடு என்றால்? இங்கே மத்ஹபை, அதாவது பின்பற்றும் சட்ட வழியைப் பார்க்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பெண் மற்றப் பெண்களுக்கு இமாமாகலாம். முன்னால் தனித்து நிற்காமல் வரிசையின் நடுவில் நிற்பார். நபியின் மனைவியர் ஆயிஷா, உம்மு ஸலமா இருவரும் இப்படித் தொழவைத்ததாக அறிவிப்புகள் உண்டு. ஷாஃபிஈகள் நிறைந்த காயல்பட்டினத்தில் பெண்கள் தொழுவதற்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. ஹனஃபி நூல்களோ பெண்கள் தனி ஜமாஅத் நடத்துவதை மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்கின்றன.

வணக்கத்துக்காக ஓரிடத்தில் தங்கியிருக்கும் இஃதிகாஃபில் நிலைமை தலைகீழ். நோன்பின் கடைசிப் பத்து நாளில், ஹனஃபிப் பெண் வீட்டில் தொழுகைக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே இஃதிகாஃப் இருக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அது பள்ளிவாசலில்தான் கூடும். ஆகவே பள்ளிகள் மூடிய அந்த ஆண்டிலும் ஹனஃபிப் பெண்களுக்குத் தடங்கல் இருக்கவில்லை.

கைபேசி நேரலையில் இமாமைப் பின்பற்றித் தொழலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பெரும்பாலான ஆலிம்கள் கூடாது என்றே சொன்னார்கள். இமாமும் பின்பற்றுபவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். பயான் கேட்கத் தடையில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது பெண்களின் உழைப்பை மறந்துவிடக் கூடாது. பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வரும் நோன்புக் கஞ்சி அந்த ஆண்டு வரவில்லை. அதையும் வீட்டில்தான் காய்ச்ச வேண்டியிருந்தது. சஹருக்கும் இஃப்தாருக்கும் ஆண்கள் கைகொடுக்காத வீட்டில், பெண்ணுக்கு நிதானமான தொழுகை ஏது?

பள்ளிவாசலில் பெண்கள் தொழத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆனாலும் நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அவர்களுக்கு இடமில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் பெண்களுக்குத் தொழும் இடமும், ஒளூச் செய்யத் தனி இடமும் அமைத்துத் தர வேண்டும். அதுவரை, ஊரடங்கில் தொடங்கிய வீட்டு ஜமாஅத்தையாவது கைவிட்டுவிடாதீர்கள்.