மன்னாக் கத்தி: மினுக்கத்துக்கு ஏமாறாதீர்கள்

பெரும்போகம் தொடங்குவதற்கு முன்னர் நமது ஹாட்வெயார் கடைகளில் நன்றாக விலைபோகும் பொருட்களில் மன்னாக் கத்தியும் ஒன்று. வரம்பு துப்புரவாக்கவும், பற்றை வெட்டவும், வேலிக்குக் கம்பு தறிக்கவும், தென்னந்தோட்டத்தில் மட்டை கொத்தவும் இது இல்லாமல் முடியாது. ஆனால் ஒரு மண்வெட்டியைக் கொள்வனவு செய்யும்போது பார்க்கின்ற அளவுக்குக்கூட நம்மில் பலர் கத்தியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விலையைப் பார்க்கிறோம், மினுக்கத்தைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் மொத்த வியாபாரி ஒருவர், "நல்ல இலாபம் கிடைக்கும், எடுத்துப் போங்க" என்று சொல்லி ஐந்து டசன் ஸ்டெயின்லெஸ் கத்திகளைத் தந்தார். கண்ணாடி போல் மின்னின. இரண்டு டசனுக்கு மேல் இரண்டே வாரத்தில் விற்றுவிட்டேன். மூன்றாவது வாரம் வயதான விவசாயி ஒருவர் வந்து, அலகை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் வைத்துக்கொண்டு, "தம்பி, இதுவும் ஒரு கத்தியா? கொத்தும்போது அலகு கழன்டு பறந்து என்ட பேரன்ட காலடியில குத்தி நின்டது" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் காலில் பட்டிருந்தால் எந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது? மிகுதிக் கத்திகளில் ஒன்றின் பிடியை உடைத்துப் பார்த்தேன். பிடிக்குள் சென்றிருந்த இரும்பு வெறும் இரண்டு விரல் நீளம். அதையும் பசையினால் ஒட்டியிருந்தார்கள். மொத்த வியாபாரி மிகுதியைத் திருப்பி எடுக்கவில்லை. அந்த நட்டத்தில் படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைக்குக் கொள்வனவு செய்வோருக்கும், சொந்தத் தோட்டத்துக்கு ஒன்று வாங்குவோருக்கும் இது பயன்படும்.

முதலில் வேலை என்ன என்று கேளுங்கள்

எல்லா வேலைக்கும் ஒரே கத்தி சரிவராது. புல், பூண்டு, கொடி, பச்சைத் தண்டு வெட்டுவதற்கு அலகு மெல்லியதாக இருக்க வேண்டும். இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர் தடிப்பு போதும். அது வேகமாக வீசப்படுவதால் வெட்டுகிறது; பாரம் தேவையில்லை. காய்ந்த கட்டை, மூங்கில், வேலிக்கம்பு தறிப்பதற்கு முதுகு நான்கு முதல் ஆறு மில்லிமீற்றர் வரை தடித்த, அலகு பத்து முதல் பன்னிரண்டு அங்குலம் வரையிலான கத்தி வேண்டும். அதற்கு மேல் தடித்தால் வெட்டுபவரின் மணிக்கட்டுத்தான் வலிக்கும். "பாரமாக இருக்கிறது, ஆகவே உறுதியானது" என்று நினைப்பது தவறு.

உருக்கைப் பற்றிச் சில வார்த்தைகள்

கத்தியின் உயிர் அதன் உருக்கு. உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு கார்பனும் சேர்ந்தது. சில இறக்குமதிக் கத்திகளில் 1070, 1075, 1095 என்று இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்களான 10 என்பது அது சாதாரண கார்பன் உருக்கு என்பதைக் காட்டுகிறது. கடைசி இரண்டும் கார்பனின் அளவு. 1070 என்றால் ஏறத்தாழ நூற்றுக்கு 0.70 வீதம். கார்பன் கூடும்போது கூர் அதிக நேரம் நிற்கும். ஆனால் அடிபடும்போது உடையும் தன்மையும் கூடும். ஆகவே கொத்துகின்ற பெரிய கத்திக்கு 0.5 முதல் 0.75 வீதம் வரை இருப்பதே பொருத்தம். பிரேசில் நாட்டின் டிரமொண்டினா நிறுவனத்தின் நீண்ட பற்றைக் கத்திகள் இவ்வகை உருக்கில் செய்யப்படுபவை. மினுக்கமோ அலங்காரமோ இல்லாவிட்டாலும் உலகெங்கும் விவசாயிகள் அவற்றைப் பாவிக்கிறார்கள்.

ஸ்டெயின்லெஸ் உருக்கில் குரோமியம் அதிகம் இருப்பதால் துரு பிடிப்பது குறைவு. மீன் வெட்டவும் சமையலறைக்கும் அது நல்லது. ஆனால் மலிவான ஸ்டெயின்லெஸில் செய்த நீண்ட அலகு ஒன்றில் மென்மையாக இருந்து கூர் மடங்கும், இல்லையேல் இறுகி இருந்து விளிம்பு பிய்யும். கட்டை கொத்துவதற்கு அது உகந்ததல்ல. இன்னொரு விடயம்: "காந்தம் ஒட்டுகிறது, ஆகவே இது ஸ்டெயின்லெஸ் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். கத்திக்குப் பாவிக்கப்படும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் ஒட்டும். எனவே அந்தப் பரீட்சையால் பயனில்லை.

பதம் இல்லையேல் நல்ல உருக்கும் வீண்

நமது கொல்லர்கள் பழைய லொறி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கும் கத்திகள் உண்மையிலேயே நல்லவை. ஸ்பிரிங் உருக்கில் சுமார் 0.55 முதல் 0.60 வீதம் கார்பன் இருக்கிறது. பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டது. ஆனால் "ஸ்பிரிங் கத்தி" என்ற பெயர் மட்டும் போதாது. உலையில் போட்டு அடித்தவுடன் ஸ்பிரிங்கின் பழைய பதம் போய்விடும். அதன் பின்னர் காந்தம் ஒட்டாத அளவுக்கு மீண்டும் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து இறுக வைக்க வேண்டும். தோய்த்த உருக்கு கண்ணாடி போல் உடையும் நிலையில் இருக்கும். ஆகவே 200 முதல் 300 பாகை சதம அளவு வரை மெதுவாகச் சூடுகாட்டி அந்த உடையும் தன்மையைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளில் ஒன்றை விட்டுவிட்டால் கத்தி மடங்கும், அல்லது உடையும். கொல்லரிடம் வாங்கும்போது, "எதில் தோய்க்கிறீர்கள், பிறகு என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

நெடுங்காலம் ஓடிய ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். முடியுமானால் ஸ்பிரிங் பொருத்தும் இடங்களில் வெட்டி மிஞ்சும் புதிய துண்டில் அடிக்கச் சொல்லுங்கள்.

கடையிலேயே செய்யக்கூடிய பரீட்சைகள்

ஒன்று, அரம். புதிய அரமொன்றை வாய்ப்பகுதியில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் போவது போல் இறங்கினால் உருக்கு மென்மை. கண்ணாடியில் போல் வழுக்கினால் கொத்தும் கத்திக்கு அளவுக்கு மிஞ்சிய இறுக்கம். சற்றுச் சிரமப்பட்டுப் பிடித்தால் சரி. பெரிய கத்தி என்பது வேலைத்தலத்தில் அரத்தால் கூராக்கப்பட வேண்டிய பொருள்.

இரண்டு, பார்வை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகின் வழியே நேராகப் பாருங்கள். முறுக்கும் வளைவும் தெரியும். மெல்லிய அலகென்றால் சிறிது வளைத்துவிட்டுப் பாருங்கள். தானாக நேராக நிமிர வேண்டும்.

மூன்று, பிடி. இதுவே மிக முக்கியம். பிடிக்குள் செல்லும் இரும்பை வால் என்பார்கள். அந்த வால் பிடியின் முழு நீளத்துக்கும் சென்று, இரண்டு அல்லது மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் நிம்மதி. பூண் போட்ட மரப்பிடியென்றால் வால் பிடியின் அடிவரை சென்று மடித்து அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடிய பிளாஸ்டிக் பிடியென்றால் உள்ளே இருப்பது தெரியாது. கொள்வனவு செய்யும் தொகையில் ஒன்றை உடைத்துப் பாருங்கள். ஒரு கத்தி போனாலும் ஐந்து டசனின் தலைவிதி தெரிந்துவிடும். அதை நான் விற்ற பிறகு செய்தேன். நீங்கள் வாங்குவதற்கு முன்னர் செய்யுங்கள்.

நான்கு, கொத்து. காய்ந்த மூங்கில் கணுவில் பத்துத் தடவை கொத்திவிட்டு, வாயை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். விளிம்பில் வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அந்த இடத்தில் கூர் மடங்கியோ பிய்ந்தோ இருக்கிறது.

மலிவு எது?

ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 1,800 ரூபா கத்தி ஒரு வருடம் தாங்குகிறது. ஐந்து வருடத்துக்கு ஐந்து கத்தி, 9,000 ரூபா. 4,500 ரூபாவுக்கு நல்ல கத்தி ஒன்றை வாங்கி, 600 ரூபாவுக்கு அரமும், இடையில் 500 ரூபாவுக்குப் புதிய பிடியும் போட்டால் ஐந்து வருடத்துக்கு 5,600 ரூபா. வேலை நடுவில் கத்தி முறிந்து கூலியாள் கைகட்டி நிற்கும் நட்டம் இதில் சேரவில்லை. குறைந்த பணத்தில் வாங்க நினைப்பவர் பிடியின் அழகையும் உறையையும் விட்டுக்கொடுக்கலாம். உருக்கையும் பதத்தையும் வாலையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

2022 இல் டொலர் 200 ரூபாவை அண்டிய நிலையிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இறக்குமதிப் பொருளை மட்டும் நம்பியிருந்த கடைகள் அன்று தடுமாறின. பக்கத்து ஊரில் வேலை தெரிந்த கொல்லர் இருந்தால் அவருக்கு மாதம் ஒரு டசன் ஓடர் கொடுங்கள். உங்கள் கடையின் அடையாளத்தைக் குத்தித் தரச் சொல்லுங்கள். பழுது வந்தால் நேரே கேட்கலாம்; தொழிலாளியின் வீட்டிலும் அடுப்பெரியும்.

சிட்டையும் எச்சரிக்கையும்

2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பின்னர், மே மாத ஆரம்பத்தில், வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அன்றைய பதற்றம் நம் சமூகத்துக்கு நன்கு தெரியும். ஆகவே கத்தி விற்கும் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இருபுறமும் கூருள்ளவை, வாளைப் போன்ற அலங்காரப் பொருட்கள் ஆகியவற்றைக் கடைக்கு எடுக்க வேண்டாம். தோட்டவேலைக்குரிய, ஒருபுறம் மட்டும் கூருள்ள கத்தி போதும். கொள்வனவுக்கும் விற்பனைக்கும் சிட்டை எழுதுங்கள். வாங்கிச் செல்பவரிடம், சாக்கில் சுற்றிக் கட்டி, சிட்டையோடு நேரே வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். சிறுவர்களுக்கு விற்காதீர்கள்.

பராமரிப்பையும் சொல்லிக்கொடுங்கள்

கார்பன் உருக்கு துருப்பிடிக்கும். அது குறையல்ல, அதன் இயல்பு. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிய துணியால் ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஈரமான உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. இதை விற்கும்போதே சொல்லிவிட்டால், "துருப்பிடித்த கத்தியைத் தந்துவிட்டாய்" என்று வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. கத்தியின் பிடிக்குள் மறைந்திருக்கும் இரண்டு விரல் இரும்பும் அந்த ஈரத்தைப் போன்றதுதான். மலிவான கத்தியை விற்பதில் தவறில்லை. "இது புல்லுக்குத்தான் சரி, கட்டை கொத்த வேண்டாம்" என்று சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். சொல்லாமல் விற்றால் இலாபம் வரலாம், பரகத் வராது.

அந்த முதியவர் இப்போதும் என் கடைக்கு வருகிறார். கொல்லர் அடித்த கத்தியொன்றைத்தான் அவருக்குப் பதிலாகக் கொடுத்தேன். போன போகத்தில் அதற்குப் பிடி மாற்ற வந்தார். அலகு அப்படியே இருக்கிறது.