மூன்றரை டாலரில் பார்படோஸ்

2024 ஜூன் 29 அன்று இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றது பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில். அந்த ஊர் பார்படோஸ் தீவின் தலைநகரம். தீவின் பரப்பு 430 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய சென்னை மாநகராட்சி அளவுதான். 1881இல் இங்கே ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் அதை மூடிவிட்டார்கள். இன்று உள்ளூர்க்காரர்களும் சுற்றுலா வருபவர்களும் சாலையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

சாலையில் ஓடும் பேருந்துகளை நிறத்தை வைத்தே அடையாளம் காணலாம். நீல வண்டியில் மஞ்சள் பட்டை இருந்தால் அரசுப் பேருந்து. மஞ்சள் வண்டியில் நீலப் பட்டை இருந்தால் தனியார் மினி பஸ். வெள்ளை வேனில் அரக்குப் பட்டை ஓடினால் அதுதான் இசட்.ஆர். நம்பர் பிளேட்டில் உள்ள அந்த இரண்டு எழுத்துகளே வண்டிக்குப் பெயராகிவிட்டன.

இசட்.ஆரில் ஒரு முறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். கதவோரம் நிற்கும் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவி ஆள் சேர்ப்பார். உள்ளே சோகா என்ற கரீபிய இசை அதிரும். இடமே இல்லை என்று நமக்குத் தோன்றும்போது, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் நெருங்கி அமர்ந்து இன்னொருவருக்கு இடம் விடுவார்கள். வேகம் அதிகம்; பயப்படுகிறவர்கள் அரசுப் பேருந்தில் போவதே நல்லது. தெற்குக் கடற்கரைச் சாலையில் இந்த வேன்கள் அடிக்கடி வரும். வழி தெரியாவிட்டால் ஏறும்போதே கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

நிறுத்தங்களில் வட்டப் பலகை இருக்கும். 'டு சிட்டி' என்றிருந்தால் பிரிட்ஜ்டவுன் போகும் வண்டி நிற்கும் பக்கம். 'அவுட் ஆஃப் சிட்டி' என்றால் எதிர்த்திசை. நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால், எந்தப் பக்கம் நிற்பது என்பதில் நமக்குக் குழப்பம் வராது. வண்டி வந்ததும் கையைக் காட்டுங்கள்.

டாக்சியில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி, அது பார்படோஸ் டாலரா அமெரிக்க டாலரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலர் என்பது அங்கே நிலையான கணக்கு. கேட்காமல் விட்டால் இரட்டிப்பாகக் கொடுக்க நேரிடலாம். வாடகைக் காரும் கிடைக்கும், அதற்கு வெளிநாட்டவர் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாடகைக் காரின் பிளேட் 'எச்' என்ற எழுத்தில் தொடங்குவதால், வெளியூர்க்காரர் ஓட்டுகிறார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஆனாலும் என் வாக்கு பேருந்துக்குத்தான். பிரிட்ஜ்டவுனின் ஃபேர்சைல்டு தெரு நிலையத்தில் ஏறினால், கரும்பு வயல்களைக் கடந்து கிழக்குக் கரையின் பாத்ஷீபாவுக்குப் போய்விடலாம். கடலுக்குள் பெரும்பாறைகள் நிற்க, அட்லாண்டிக் அலை சீறிக்கொண்டு வரும் இடம் அது. பார்க்க அற்புதம், குளிக்க ஆபத்து. அவ்வளவு தூரத்துக்கும் கட்டணம் மூன்றரை பார்படோஸ் டாலர்தான். பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினாலும் அதேதான். அரசுப் பேருந்தில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். உள்ளூர் காசாகச் சரியான தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.