நோயாளர் கையிற் கொப்பி

கல்கிசையில் வாழும் முதியவர் ஒருவருக்கு நீரிழிவும் குருதியழுத்தமும் உள எனக் கொள்வோம். மாதந்தோறும் அவர் களுபோவிலவிலுள்ள கொழும்புத் தெற்குப் போதனா வைத்தியசாலைக்குச் சென்று, கிளினிக்கில் இலவசமாக மருந்து பெறுகின்றார். இடையிற் காய்ச்சல் கண்டால், மாலையிற் காலி வீதித் தனியார் வைத்தியரை நாடுகின்றார். குருதிப் பரிசோதனை மூன்றாவதோரிடத்தில் நடைபெறும். இம்மூவிடத்தாரும் தம்முட் பேசிக்கொள்வது அரிது. அவர்களிடையே செய்தி சுமப்பவர் நோயாளரே. அவர் கையிலுள்ள தூதோலை ஒரு கொப்பி.

இக்கொப்பியை நம்மவர் யாவரும் அறிவர். உறை போட்டு, சோதனைத் துண்டுகளை இடையிற் செருகி, பொலித்தீன் பைக்குள் வைத்துப் பேணப்படுவது அது. எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம், கையெழுத்தோ கற்றோர்க்கும் எளிதிற் புலப்படாது. கிளினிக்கிற் பேசப்படுவது பெரும்பாலும் சிங்களம். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டி பேர்த்தியை உடனழைத்துச் செல்வது வழித்துணைக்காக மட்டுமன்று. கொப்பியை மறந்து சென்றாலோ, வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்தே வினவ வேண்டும். மெற்போமின் என்னும் ஒரே மருந்து இருவேறு வணிகப் பெயர்களோடு இரண்டிடங்களிற் கிடைக்க, இரண்டையும் விழுங்குவாரும் உளர்.

ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்து செய்தலே பராமரிப்பு ஒருங்கிணைப்பு எனப்படுவது. அமெரிக்க அறிஞர் பார்பரா ஸ்ரார்பீல்ட் 1992 இல் வெளியிட்ட தமது நூலில், ஆரம்ப மருத்துவப் பராமரிப்பின் அடிப்படை இயல்புகளுள் ஒன்றாக இதனை வைத்தார்.

நம் நாட்டிற்கு இஃது இயலாததன்று. கர்ப்பவதிக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவருவதே. கல்கிசைக்குத் தெற்கே களுத்துறையில் 1926 இல் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையின் வழிவந்த பேறு அது. மருத்துவ மாது வீட்டிற்கே வந்து தாயைப் பதிகின்றார். கிளினிக்கிற் கண்டவை பதிவேட்டில் எழுதப்படுகின்றன; அப்பதிவேடு பிரசவ விடுதியிலும் படிக்கப்படுகின்றது. பிள்ளை பிறந்து முதற் பத்து நாள்களுள் மருத்துவ மாது மீண்டும் வாசலில் நிற்பார். தாய் எவரையும் தேடியலைவதில்லை. தாயைத் தேடி ஒருவர் வருகின்றார்.

முதியவர்க்கு அத்தகையவர் இலர். அனுப்புகைக் கடிதமின்றியே அரசாங்க ஆசுபத்திரியின் வெளிநோயாளர் பிரிவை எவரும் அடையலாம். ஏழைக்கும் திறந்த அவ்வாயிலை இகழ்தல் தகாது. ஆயினும், எவ்வாயிலிலும் நுழையக்கூடியவரை எவரும் தம் பொறுப்பினர் எனக் கருதார்.

2018 இற் சுகாதார அமைச்சு வகுத்த கொள்கை, பேராசுபத்திரி ஒன்றையும் அதனைச் சூழ்ந்த சிற்றாசுபத்திரிகளையும் ஒரு கொத்தாக இணைக்க விழைகின்றது. விரும்பத்தக்க முயற்சிதான். காலி வீதித் தனியார் வைத்தியரின் மேசையோ அக்கொத்துக்கு வெளியே உள்ளது. முதியவர் இன்றும் மாலையில் அங்கே கொப்பியோடுதான் செல்கின்றார்.