நிரம்பாத தொட்டி

"எங்க வீட்டு செப்டிக் டேங்கை இருபது வருஷமா திறந்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கட்டிக்கொடுத்த கொத்தனாரின் கைராசியையும் சேர்த்தே பாராட்டுவார்கள். அந்தத் தொட்டி இருபது வருஷமாக மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் அதன் அர்த்தம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1860களில் பிரான்ஸைச் சேர்ந்த லூயி மூரா தன் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, எதிர்பார்த்த அளவுக்குத் திடக்கழிவு அதில் இல்லை. காற்றே இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று, மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றியிருந்தன. 1895-இல் இங்கிலாந்தின் எக்சிடர் நகரில் டொனால்டு கேமரன் என்ற பொறியாளர் இதே முறையைச் செம்மைப்படுத்தி 'செப்டிக் டேங்க்' என்று பெயரிட்டார். ஆனால் பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் தின்றுவிடுவதில்லை. செரிக்காத மிச்சம் அடியில் படிந்துகொண்டே இருக்கும்.

நல்ல தொட்டிக்குள் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் கசடு, மேலே பாலில் ஏடு படிவதுபோல மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் ஓரளவு தெளிந்த நீர். அந்த நடுநீர் மட்டும் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் 'டி' வடிவக் குழாய் வைக்கிறார்கள். இடையில் ஒரு தடுப்புச் சுவரும் எழுப்புகிறார்கள். கழிவு படிவதற்கு ஒன்று முதல் இரண்டு நாள் தொட்டிக்குள் தங்க வேண்டும். ஆகவே சரியான தொட்டியில் தண்ணீர் எப்போதும் வெளிக்குழாய் மட்டம்வரை நின்றுகொண்டேதான் இருக்கும். திறந்து பார்த்து "ஃபுல் ஆயிடுச்சு" என்று பதற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது கசடின் உயரத்தை.

ஓர் ஆள் கணக்குக்கு ஆண்டுக்கு 25 முதல் 40 லிட்டர் கசடு சேரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 3,000 லிட்டர் தொட்டியில் ஐந்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அடைந்துவிடும். கசடும் ஏடும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால், கழிவு படிவதற்குள் வெளியே தள்ளப்படும். சிறிய தொட்டிகளையும் கணக்கில் வைத்துத்தான் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால் இருபது வருஷம் தாங்கும் தொட்டி எப்படிச் சாத்தியம்? அடித்தளம் இல்லாமல், உறை இறக்கி விட்டிருப்பார்கள். நம் ஊரில் 'செப்டிக் டேங்க்' என்று சொல்லிக் கட்டியவற்றில் பல இப்படிப்பட்ட குழிகளே. கழிவுநீர் நேராக நிலத்தடிக்குப் போகும். பத்தடி தள்ளிக் கிணறோ போர்வெல்லோ இருந்தால், அதையே மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறோம். சரியான தொட்டியிலிருந்து வரும் நீரில்கூட நோய்க்கிருமிகள் இருக்கும். அதனால்தான் அந்த நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. இரண்டு சென்ட் மனையில் இதற்கு இடமேது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். அங்கே பாதாளச் சாக்கடை வந்தால்தான் தீர்வு. அதுவரை தொட்டியாவது ஒழுகாமல் இருக்கட்டும்.

கடைகளில் விற்கும் பாக்டீரியாப் பொடிகள் தேவையே இல்லை. மலத்திலேயே வேண்டிய அளவுக்கு பாக்டீரியா இருக்கிறது. ஆசிட்டையும் பினாயிலையும் வாளி வாளியாகக் கொட்டாமல் இருந்தால் போதும். அளவாகக் கழுவுவதால் தொட்டி செத்துவிடாது. நாப்கின், டயப்பர், தலைமுடி, எண்ணெய் ஆகியவற்றைக் கழிப்பறையில் போடக் கூடாது. காற்றுக் குழாயின் உச்சியில் கொசுவலை கட்டுங்கள்; க்யூலெக்ஸ் கொசுக்களுக்கு இந்தத் தொட்டிதான் பிரசவ ஆஸ்பத்திரி.

உயிர் போகும் விஷயத்துக்கு வருவோம். கசடுக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அடைபட்டிருக்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எழுநூறு, ஆயிரம் பங்கு என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். லாரி உறிஞ்சி முடித்தபின் பார்க்க வெறும் தொட்டிதானே என்று தோன்றும். அடியில் மிஞ்சிய கசடைக் காலால் கலக்கியதுமே வாயு கிளம்பும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான். கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இங்கே உதவாது. விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்றுதான் தெரியுமே தவிர, விஷவாயு தெரியாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கவும் கூடும்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டமும் தீர்ப்பும் இருந்தும் "தம்பி, லேசா இறங்கி வழிச்சு விட்டுடுப்பா, ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்" என்ற குரல் இன்னும் ஓயவில்லை. அடியில் கொஞ்சம் கசடு மிஞ்சினால் நல்லதுதான், அடுத்த சுற்றுக்கு அதிலிருந்தே பாக்டீரியா பெருகும். வழித்துத் துடைக்க எந்த அவசியமும் இல்லை.

லாரியை அழைக்கும்போது உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாடு அரசு 2014-லேயே கசடு மேலாண்மைக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. மதுராந்தகம் அருகே கருங்குழியில் கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. அப்படியிருந்தும் இரவோடு இரவாக ஏரிக்கரையில் குழாயைத் திறந்துவிடும் லாரிகள் உண்டு.

ஐப்பசி மழை தொடங்கி நிலத்தடி நீர் ஏறிவிட்டால் கழிப்பறையில் தண்ணீர் இறங்காது. அந்த நேரத்தில் லாரியும் எளிதில் கிடைக்காது. அதற்கு முன்பே கசடு எடுத்துவிடுங்கள். உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது. போர்டிகோவில் தொட்டி மூடிக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டவர்கள், இந்த வாரமே அது எந்த டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வையுங்கள்.