வளவில் ஓர் இலுப்பை

“இலுப்பை நட்டு எண்ணெய் காண உங்களுக்கு வயது போதுமோ?”

சென்ற ஆடியில், எங்கள் வளவின் மேற்கு மூலையில் யான் மண் கொத்திக்கொண்டிருந்தபோது இல்லாள் கேட்ட வினா இது. மறுமொழி தோன்றவில்லை. இலுப்பை காய்க்கத் தொடங்கவே ஏறக்குறையப் 10 ஆண்டுகள் செல்லும். நிறைபயன் தருவதற்கு அதனினும் நெடுங்காலம் வேண்டும். எனக்கோ அகவை 57.

அம்மூலையில் முன்னர் முதியதோர் இலுப்பை நின்றது. வேனில் தொடங்க இலையுதிர்த்துப் பூக்கும். இரவெல்லாம் வௌவால்களின் ஆரவாரம். விடிந்தால் நிலமெங்கும் தடித்த வெண்பூக்கள். அப்பாச்சி விதை பொறுக்கி, உடைத்து, பருப்பை உலர்த்திச் செக்குக்கு அனுப்புவார். பருப்பிற் பாதியளவு எண்ணெய் என்று சொல்லலாம். அது கோயில் விளக்குக்குச் செல்லும். பிண்ணாக்கு எங்கள் தலைமுழுக்குக்கு வரும். 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்களோடு யாமும் இடம்பெயர்ந்தோம். மறு ஆண்டு மீண்டபோது வீட்டுக்குக் கூரை இல்லை. இலுப்பைக்கு அடிக்கட்டையே எஞ்சியிருந்தது. கூரையை இரண்டாண்டில் வேய்ந்துவிட்டோம்.

சங்கச் சான்றோர் இம்மரத்தை இருப்பை என்பர். அகநானூற்றுப் பாலைப் பாட்டுக்களிலே கரடிகள் இதன் பூவை உண்ணும் காட்சி வரும். அதனைக் கற்பித்தபொழுது, “ஐயா, அந்தப் பூ எப்படியிருக்கும்?” என்றான் ஒரு மாணாக்கன். வகுப்பில் ஒருவரேனும் கண்டிலர். இலுப்பைக்கடவை என்னும் ஊர்ப்பெயரை மட்டும் அறிந்திருந்தனர். கரடிக்கு யான் எங்கே போவேன்? பூவுக்காயினும் வழி செய்யலாமன்றோ!

இலுப்பை விதை சேமிப்புக்கு இசையாது. முதன்முறை அதனைப் போத்தலில் இட்டு மாரிவரை காத்து, ஒன்றும் முளைக்கக் காணாது வெட்கினேன். பழம் விழுந்த சில நாட்களுள் சதை நீக்கி ஊன்றிவிடல் வேண்டும். ஆணிவேர் விரைந்து ஆழச் செல்லுமாதலின், சாடியில் வளர்த்துப் பெயர்த்து நடுவதினும் நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பது நன்று. மரம் பெரிது; வீட்டுச் சுவருக்கும் கிணற்றுக்கும் 30 அடியேனும் விலகியிருக்கட்டும். முதலிரு கோடைகளில் நீர் வேண்டும். வேர் ஊன்றியபின் வறட்சியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆட்டுக்கு மட்டும் அஞ்சுக!

ஐந்து விதையில் மூன்று முளைத்தன. ஒன்று கருகிற்று, ஒன்றை அயல்வீட்டு ஆடு கண்டுகொண்டது. எஞ்சியது பனைமட்டை வேலிக்குள் ஒரு முழம் நிற்கின்றது. வினா எழுப்பிய இல்லாளே அரிசி கழுவிய நீரை அதற்கு ஊற்றுகின்றாள். வரும் ஆடியில் கல்லூரி வளவிலும் ஊன்றவேண்டும் என்கின்றனர் மாணாக்கர். யான் விதை பொறுக்கிய கோயில் மரம் இன்னும் நிற்கின்றது.