மாணவர் உளநலமும் ஆற்றுப்படுத்தற் பணியும்

உடலிற் காயமுற்றவன் பிறர் கண்ணிற்குப் புலப்படுகின்றான். உள்ளத்திற் காயமுற்றவனோ பெரும்பாலும் புலப்படுவதில்லை. அவன் விரிவுரைக்கு வருகின்றான், குறிப்பெழுதுகின்றான், கேட்டால், சுகமென்கின்றான். இடர் முற்றிய பின்னரே சுற்றத்தார் அறிந்து வருந்துகின்றனர். ஆதலின், உயர்கல்வி பயிலும் இளைஞரைப் பற்றும் மனவிடர்கள் யாவை, அவற்றைத் தணிக்கும் முறை யாது, இடர் உச்சமடையும் வேளையில் அருகிருப்போர் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்தாம்.

ஆங்கிலத்திற் கவுன்சிலிங் எனப்படும் பணிக்கு ஈழத்தமிழர் மூன்று பெயர்களை வழங்குகின்றனர்: உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல். இவற்றுள் ஆற்றுப்படுத்தல் என்னும் சொல் ஆழ்ந்து நோக்கற்பாலது. பத்துப்பாட்டினுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்ப்படும் கலைஞனுக்கு வள்ளல் இருக்குமிடத்தையும் செல்லும் வழியையும் உரைப்பதே அவ்வகையின் பொதுமரபு. வழி கூறுபவன் தானே பரிசில் வழங்குவதில்லை, மற்றவனுக்காகத் தான் நடப்பதுமில்லை, நடப்பவன் துன்புற்றவனே. இக்காலத்து உளவளத்துணையின் அடிப்படையும் இதுவே. அன்றியும், ஆற்றுதல் என்பதற்குத் தணித்தல் என்னும் பொருளும் உண்டு. தணித்த பின்னரே வழிகாட்டல் கூடும்.

இனி, பூநகரிப் பகுதியிலிருந்து பல்கலைக்கழகம் புகும் ஒரு மாணவனின் நிலையைக் கருதுவோம். மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன இம்மண்ணின் மக்கள் பெரும்பாலும் உழவராயும் கடற்றொழிலாளராயும் வாழ்கின்றனர். 2011 ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணம் அண்மையதாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வழி குறுகியது, ஆயின் சுமை குறையவில்லை. ஊரே கொண்டாடி அனுப்பிய பிள்ளை முதலாண்டுப் பரீட்சையிற் சறுக்கினால் எம்முகத்தோடு வீடு திரும்புவான்? ஆங்கில மொழியிற் பாடங்கேட்டல், விடுதிச் செலவு, வீட்டுக் கடன், காதல் முறிவு, தனிமை, பகிடிவதை ஆகியனவும் ஒன்றன்மேலொன்றாக ஏறுகின்றன. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 இலேயே இயற்றப்பட்டது. எனினும், முறையிட அஞ்சும் மாணவனைச் சட்டம் மாத்திரம் காக்கமாட்டாது.

வன்னி மாணவர்க்கு இவற்றின்மேல் இன்னுமொரு சுமையும் உண்டு. 2008 ஆம் ஆண்டிற் பூநகரியை விட்டு நீங்கிய குடும்பங்கள் பல, 2009 மே மாதம் வரை இடத்துக்கிடம் பெயர்ந்து, பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் இருந்து மீண்டன. அக்காலத்திற் சிறாராய் இருந்தோரே பின்னர்ப் பல்கலைக்கழகம் புகுந்தனர். அவருட் சிலர்க்கு நினைவு குறைவு. ஆயின் தாய் தந்தையரின் மௌனமும், திடீரென எழும் அச்சமும், வெற்றிடமான உறவினர் இருக்கையும் வீட்டிற் கூடவே வளர்ந்தன. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூலிலும் பின்னைய ஆய்வுகளிலும், போரின் வடு தனிமனிதனோடு நில்லாது குடும்பத்தையும் சமூகத்தையும் தாக்குமென விளக்கினார். எனவே, காயம் கூட்டாக நேர்ந்ததாயின், ஆற்றுதலும் கூட்டாகவே நிகழ்தல் வேண்டும்.

உளவளத்துணையாளர் செய்வது யாது? முதலாவது, கேட்டல். குறுக்கிடாமலும் தீர்ப்புக் கூறாமலும் கேட்டல் எளிதன்று, பயிற்சியால் வருவது. இரண்டாவது, இரகசியம் பேணல். உயிருக்கு ஆபத்து நேருமிடத்தன்றி, கேட்டது வெளிச்செல்லலாகாது. இவ்விதிவிலக்கையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் நேர்மை. மூன்றாவது, சிக்கலைப் பகுத்து, மாணவன் தானே எடுத்துவைக்கத்தக்க அடுத்த அடியைக் காணத் துணைசெய்தல். "இதெல்லாம் ஒரு துன்பமா?" என்பதும், "எங்கள் காலத்தில் இதனினும் பட்டோம்" என்பதும் ஆறுதலாகா, அவை வாயை அடைக்கும் பூட்டுகள்.

இடருச்சத்தில் முறை சற்றே மாறும். உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்று படிகளைக் கூறுகின்றது. உறக்கமும் உணவும் கெடுதல், நண்பரை விட்டு விலகுதல், அருமைப் பொருட்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடுதல், தாம் பாரமென்றோ இனி வழியில்லையென்றோ கூறுதல் ஆகியன கண்டால் வாளாவிருத்தல் கூடாது. உயிரைத் துறக்கும் எண்ணம் உண்டோவென நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்பது தவறான அச்சம்; கேட்பது பெரும்பாலும் சுமையை இறக்கும். உண்டெனின் அவரைத் தனியே விடாது, ஆபத்தான பொருட்களை அகற்றி, மருத்துவமனைக்கோ பயிற்சிபெற்றோரிடமோ உடன் அழைத்துச் செல்லல் வேண்டும். இரகசியமாக வைத்திருப்பதாக வாக்களித்தல் தகாது.

இப்பணியின் வரலாறு நெடிதன்று. இலண்டனிற் சாட் வாரா என்னும் பாதிரியார் 1953 இல் தொடங்கிய தொண்டே, துயருற்றோர்க்குச் செவிகொடுக்கும் அமைப்புகள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று. இலங்கையில் ஜோன் டி மெல் அம்மையார் 1974 இற் சுமித்ரயோவை நிறுவினார்; சென்னையில் மருத்துவர் லக்ஷ்மி விஜயகுமார் 1986 இற் சிநேகாவைத் தோற்றுவித்தார். யாழ்ப்பாணத்திற் சாந்திகம் போர்க்காலத்தே சீர்மியத் தொண்டரைப் பயிற்றியது. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இதன்பொருட்டே உள்ளது.

இம்முயற்சிகள் வீணாவனவல்ல என்பதற்கு இலங்கையே சான்று. 1995 இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். இருபது ஆண்டுகளில் அவ்வீதம் எழுபது சதவீதமளவு வீழ்ந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையே இதற்குத் தலையாய காரணமென்பர் ஆய்வாளர். இதனால் அறியப்படுவது யாதெனில், சாகும் எண்ணம் பெரும்பாலும் நிலையானதன்று. அந்நாழிகையைக் கடப்பித்தால் வாழ்வு மீளும். உழவர் இல்லங்களில் மருந்துப் போத்தல்களைப் பூட்டிவைத்தலும் உயிர்காக்கும் செயலே. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டமும் 1998 இல் நீக்கப்பட்டது. உதவி நாடுவோர் பொலிசுக்கு அஞ்சவேண்டியதில்லை.

கல்விநிலையங்கள் செய்யவேண்டுவன சில. விரிவுரையாளரை மாணவ ஆலோசகராக நியமிக்கும் வழக்கம் நன்று. ஆயின், ஒழுக்க விசாரணையும் அவர்மீதே சுமத்தப்படுமாயின் மாணவன் மனந்திறவான். தண்டிக்கும் கையும் தாங்கும் கையும் வேறுவேறாதல் வேண்டும். ஆலோசனை அறை, யார் நுழைகின்றார் எனப் பிறர் நோக்கும் இடத்தில் அமைதலாகாது. விடுதி மேற்பார்வையாளர்க்கும் மூத்த மாணவர்க்கும் முதலுதவிப் பயிற்சி அளித்தல் வேண்டும். இரவிற் கதவைத் தட்டக்கூடிய தூரத்தில் இருப்போர் அவரே. பாடசாலை ஆசிரியரும் உயர்தர வகுப்பிலேயே, பரீட்சை வாழ்வின் ஒரு வாயிலேயன்றி வாழ்வன்று என்பதை உணர்த்துதல் வேண்டும்.

பரிசில் பெற்ற பாணன் வழியறிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. துன்பக் கடலை ஒருமுறை நீந்திக் கரையேறிய பழைய மாணவர்கள், அதனை நாணி மறையாது, பின்வரும் இளையோர்க்கு வழியுரைப்பாராயின், அஃது எந்நன்கொடையினும் கல்லூரிக்குப் பெரிதாகும்.