முடியில் ஏறாத தலைவர்

தலைமை என்றதும் முன்னணியில் நின்று பொருபவனையே நம் உள்ளம் நினைக்கின்றது. புறநானூற்றுக் காலந்தொட்டு நம்மவரிடையே ஊறிவிட்ட எண்ணம் அது. முன்னே செல்லும் வீரம் பெரிதுதான். ஆயினும், அரியதொரு செயலைப் பலர் கூடி முடிக்க வேண்டியவிடத்துத் தலைவனுக்கு வேறொரு துணிவும் வேண்டியிருக்கின்றது. எவரை அனுப்புவது, எப்பொழுது அனுப்புவது எனத் தீர்மானித்து, அத்தீர்மானத்தின் விளைவு எதுவாயினும் அதனைத் தானே ஏற்கும் துணிவு அது. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலைமுடியை மனிதர் முதன்முதலாக எட்டிய வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஹிலறி, தென்சிங் என்னும் இருவரையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர்களை அங்கே அனுப்பிய ஜோன் ஹன்ற் என்பாரைப் பற்றி நம்மிற் பலர் சிந்திப்பதில்லை.

ஹன்ற் தலைமை ஏற்ற வேளையே கசப்பு நிறைந்தது. அப்பதவிக்கு மலையேறுவோர் எதிர்பார்த்தவர் எரிக் ஷிப்ரன். 1951இல் எவரெஸ்டின் தென்புற வழியை ஆராய்ந்து வந்தவர் அவர். தோழர் பலரின் அன்புக்குரியவர். 1952இன் பிற்பகுதியில் இலண்டனிலிருந்த நிருவாகக் குழுவினர் அவரை விலக்கி, இராணுவ அதிகாரியான ஹன்றை நியமித்தனர். ஏறுவோர் மனம் புண்பட்டது. போர்டிலன் என்பவர் தாமும் விலகிக்கொள்ள எண்ணினார். வேறொருவரை விரும்பியிருந்த மனிதரைக் கொண்டே ஹன்ற் தம் பணியைத் தொடங்க வேண்டியதாயிற்று. காலமும் நெருக்கியது. சுவிஸ் நாட்டு லம்பேட்டும் தென்சிங்கும் 1952இல் ஏறத்தாழ 28,200 அடிவரை சென்று மீண்டிருந்தனர். 1954ஆம் ஆண்டுக்குரிய அனுமதியைப் பிரெஞ்சுக்காரர் பெற்றுவிட்டனர்.

இக்குழு குறையற்றதென்று சொல்வதற்கில்லை. காத்மாண்டுவில் ஷேர்பாக்களைப் பிரித்தானியத் தூதரகத்து மோட்டார்க் கொட்டகையிற் படுக்கவைத்தனர். அவர்கள் தம் சினத்தை வெளிப்படையாகவே காட்டினர். தென்சிங் இடைநின்று சமாதானஞ் செய்ய நேர்ந்தது. எவரெஸ்ட் வெற்றியைப் பாடுவோர் இதனை விரைந்து கடந்துவிடுவர். உயிரைப் பணயம் வைத்துச் சுமை தூக்குபவனுக்குக் கௌரவமாகப் படுக்க ஓர் இடம் கொடுக்கத் தெரியாதது சிறு பிழையன்று.

மே மாத முற்பகுதியில் ஹன்ற் தமது திட்டத்தை வெளியிட்டார். முதலிற் செல்லும் இணையினர் எவன்ஸும் போர்டிலனும். வெளிவிடும் மூச்சையே தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் புதுவகைப் பிராணவாயுக் கருவி அவர்களுக்கு. அது போர்டிலன் தம் தந்தையாருடன் சேர்ந்து ஆக்கியது. அவர்கள் தென்முடியை எட்டவேண்டும். இயலுமாயின் உச்சிக்கும் போகலாம். அடுத்த இணையினர், பழகிய கருவியுடன் செல்லும் ஹிலறியும் தென்சிங்கும். எந்த இணையிலும் தலைவர் தம் பெயரைச் சேர்க்கவில்லை. மேலே சுமை கொண்டுசெல்லும் வேலையைத் தமக்கென எடுத்துக்கொண்டார்.

உச்சிக்குப் புறப்படும் இடம் 26,000 அடி உயரத்திலுள்ள தென்கணவாய். அதனை அடைய லோட்சே மலையின் செங்குத்தான பனிச்சரிவில் ஏறவேண்டும். ஜோர்ஜ் லோ என்பவர் பத்து நாளளவு அச்சரிவிற் படி வெட்டினார். காற்றும் வெண்பனியும் வெட்டியதை மூடின. பருவமழை வருமுன் முடிக்கவேண்டிய காரியம், நாட்கள் கழிந்தன. மே 21இல் வில்பிறிட் நொய்ஸும் அன்னுல்லு என்ற ஷேர்பாவும் மாத்திரம் கணவாயை அடைந்தனர். மற்றையோர் இடையிலிருந்த பாசறையிற் சோர்ந்து கிடந்தனர். சுமைகள் மேலே போகாவிடின் ஏறுவோர் போய்ப் பயனில்லை.

கீழே நின்ற ஹன்ற் அன்றைக்கே ஹிலறியையும் தென்சிங்கையும் மேலே அனுப்பினார். ஷேர்பாக்களுக்கு ஊக்கமூட்டத் தென்சிங்கைவிட வல்லார் எவருமிலர். ஆயின், இறுதி முயற்சிக்கென்று வலிமை சேமித்து வைத்திருந்த இணையன்றோ அது! அவர்கள் அச்சரிவிலேயே களைத்து வீழ்ந்திருந்தால், திட்டம் முழுதும் குலைந்திருக்கும். பழியும் ஹன்றுக்கே வந்திருக்கும். மறுநாள் சுமைகள் கணவாயைச் சேர்ந்தன. இந்த ஒரு தீர்மானத்தையே யான் அப்பயணத்தின் உயிர்நிலை என்பேன்.

மே 26இல் எவன்ஸும் போர்டிலனும் உச்சியை நோக்கிப் புறப்பட்டனர். ஹன்றும் டா நம்கியால் என்ற ஷேர்பாவும் அடுத்த பாசறைக்குரிய பொருள்களைச் சுமந்து ஏறினர். ஹன்றுக்கு அப்பொழுது வயது 42. ஏறத்தாழ 27,350 அடியில் அவர்களால் மேலே செல்ல முடியவில்லை. கூடாரத்தையும் உணவையும் அங்கே வைத்ததோடு, தம்மிடமிருந்த பிராணவாயுவையும் வைத்துவிட்டு வெறுமூச்சுடன் இறங்கினர். கணவாயை அணுகும்போது தளர்ந்து வீழ்ந்தனர்.

மற்றை இருவரும் பிற்பகல் ஒரு மணியளவிற் தென்முடியை அடைந்தனர். அதுவரை மனிதர் ஏறாத 28,700 அடி உயரம் அது. உச்சி இன்னும் முந்நூறடி சொச்சமே. எவன்ஸின் கருவி பழுதாயிருந்தது. மேலே போனால் இருட்டுமுன் மீளப் பிராணவாயு போதாது. போர்டிலன் தாம் தனியே போகவும் ஆசைப்பட்டார். தம் கையால் ஆக்கிய கருவி உச்சியைக் காணவேண்டும் என்ற வேட்கை அவருக்கு இராதா? எவன்ஸ் தடுத்துத் திருப்பினார். குழுவின் உபதலைவர் அவர், சத்திரசிகிச்சை வைத்தியர். திரும்பும் வழியிற் சறுக்கி வீழ்ந்தும் இருவரும் உயிரோடு வந்து சேர்ந்தனர்.

மே 28இல் ஹிலறியும் தென்சிங்கும், உதவிக்குச் சென்ற லோ, கிறெகறி, அங் நியிமா என்போரும் ஹன்ற் வைத்துவந்த பொருள்களை எடுத்துத் தம் சுமையோடு சேர்த்துக்கொண்டனர். ஹிலறியின் முதுகில் 60 றாத்தலுக்கு மேற்பட்ட பாரம். ஏறத்தாழ 27,900 அடியிற் கூடாரம் அமைத்து, இருவரை மட்டும் விட்டு மற்றையோர் இறங்கினர். மறுநாள் முற்பகல் 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர்.

கீழ்ப் பாசறையில் இருந்த ஹன்றுக்கு இது தெரியாது. மே 30இல் சிலர் பனிவெளியில் மெல்ல இறங்கி வருவதைக் கண்டார். அவர்கள் நடையிற் களிப்பில்லை; முயற்சி தோற்றதென்றே எண்ணினார். மூன்றாவது முயற்சிக்கு யாருளர் என்ற நினைவும் எழுந்திருக்கலாம். அண்மித்ததும் லோ தம் பனிக்கோடரியை உயர்த்தி உச்சியைச் சுட்டிக்காட்டினார். ஹன்ற் ஓடிச்சென்று ஹிலறியையும் தென்சிங்கையும் கட்டித் தழுவினார்.

யூன் 2ஆம் நாள் செய்தி இலண்டனில் வெளிவந்தது. ஹன்றுக்கும் ஹிலறிக்கும் 'சேர்' பட்டம் கிடைத்தது. தென்சிங்குக்கோ ஜோர்ஜ் பதக்கம் மாத்திரமே. முதலிற் கால்வைத்தவர் யார் என்று காத்மாண்டுவிற் பெரும் பூசல் எழுந்தது. இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்தனர் என்று அறிக்கை விட்டனர். சில அடி முன்னே சென்றவர் ஹிலறி என்பதை 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றிற் தென்சிங்கே சொன்னார்.